தொட்டியக்காவின் காது

துப்பாக்கி சுடும் கிளப்பில் அவளை எல்லோரும் தொட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படியே. அவளுக்கும் அதில் கோபமில்லை. நாளெல்லாம் ஒரு தொட்டிக்கு முன்னால் நிற்பவளை வேறெப்படி அழைப்பார்கள்?

சுடுகூடத்துக்குப் பின்னால், ஒரே ஒரு ஜன்னல் வைத்த நீளமான அறை அவளுடையது. சுவரோரம் மேசை, மேசைமேல் குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு ஓர் எவர்சில்வர் தொட்டி. பார்த்தால் சாதாரணப் பாத்திரம்தான். ஆனால் பொத்தானை அழுத்திவிட்டால் அதன் அடியில் ஒட்டிய தகடுகள் காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரத் தொடங்கும். அந்த அதிர்வில் வெந்நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் கோடிகோடியாகப் பிறந்து, பிறந்த கணமே உடையும். உடைகிற ஒவ்வொன்றும் இரும்பில் அப்பிய கரியைத் துளித்துளியாகக் கிள்ளி எடுத்துவிடும். பிரஷ் நுழையாத துவாரத்துக்குள்ளும் அந்தக் குமிழிகள் போகும்.

சனி, ஞாயிறு முழுக்க உறுப்பினர்கள் வந்து சுட்டுத் தள்ளிவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை கழுவுகிற நாள். துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் மாஸ்டர் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். உள்ளே குண்டு இல்லையென்று அவர் பார்ப்பார். பிறகு அவளும் பார்ப்பாள். மரப்பிடி, குறி பார்க்கும் கண்ணாடி எல்லாம் தனியே போய்விடும், அவற்றைத் தண்ணீர் தின்றுவிடும். மிச்சமுள்ள குழல், போல்ட், விசை, ஸ்பிரிங் எல்லாம் அவள் கைக்கு வரும். பெரியவை கம்பிக் கூடையில். தொலைந்துபோகிற அளவு பொடியான பின்களும் ஸ்பிரிங்குகளும் டீத்தூள் போடும் உருண்டை வலைக்குள். தொட்டியின் அடியில் இரும்பு படாதபடி கூடையைத் தொங்கவிட்டு, சோப்புக் கரைசல் சூடேறியதா என்று பார்த்துப் பொத்தானை அழுத்துவாள்.

மூடியைப் போட்டுத்தான் ஓட்டவேண்டும். அவள் போடமாட்டாள். குழலின் வாயிலிருந்து கரி புகைபோலச் சுருண்டு சுருண்டு வெளியே வருவதைப் பார்க்காவிட்டால் அவளுக்கு அன்றைய வேலை வேலையாகவே இருக்காது. முதலில் ஒரு மெல்லிய கறுப்பு நூல். பிறகு அது முடிபோல அவிழ்ந்து பரவும். பிறகு தொட்டி முழுக்க மேகம். அதற்கெல்லாம் அடியில் அந்தச் சத்தம். அதிர்வு காதுக்கு எட்டாது என்றாலும் குமிழிகள் உடைவது கேட்கும். ஸ்ஸ்ஸ் என்று, தொலைவில் எங்கோ மழை கொட்டுவதைப்போல.

அந்த மழையில்தான் அவள் போய்விடுவாள். எங்கே என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. எப்போதும் ஒரே ஊர். நனைந்த கல் பாவிய தெரு, இருபுறமும் உயரமான வீடுகள், எல்லா ஜன்னல்களும் சாத்தியிருக்கும். தெருமுனையில் ஒரு படிக்கட்டு மேலே ஏறிப்போகும். அந்தத் தெருவில் அவள் குடையில்லாமல் நடப்பாள், ஆனால் நனையமாட்டாள். படிக்கட்டுப் பக்கம் போகும்போது டைமர் மணி அடித்துவிடும். அவ்வளவுதான், ஊர் கலைந்து தொட்டி திரும்பிவரும்.

“தொட்டியக்கா கிளம்பிட்டாங்க. மணி அடிச்சாத்தான் வருவாங்க, அதுவரைக்கும் யாரும் கூப்பிடாதீங்க” என்பார் மாஸ்டர், தன் மேசையிலிருந்து தலை தூக்காமலே.

மணி அடித்ததும் அவளைப்போல் சுறுசுறுப்பானவள் கிடையாது. கூடையைத் தூக்கி நல்ல தண்ணீரில் அலசுவாள், சூடான காற்றில் உலர்த்துவாள், ஈரம் போனதும் எண்ணெயில் முக்குவாள். அந்தக் குளியல் அழுக்கோடு எண்ணெயையும் உருவிவிடும். அப்படியே விட்டால் வெற்று இரும்பு சாயங்காலத்துக்குள் துருவேறிவிடும். “குளிச்ச குழந்தைக்குத் துவட்டாம இருந்தா சளி பிடிக்கும்ல, அப்படித்தான்” என்று அவள் புதியவர்களுக்கு விளக்குவாள்.

முன்பு அவள் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். அங்கேயும் இதே மாதிரித் தொட்டிதான், சின்னது. குறடு, ஊசி, கண்ணாடி எல்லாம் அதில்தான் குளித்தன. பல்வலியோடு வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாஸ்டர் அவள் கூடையைத் தூக்கும் விதத்தைப் பார்த்திருக்கிறார். மருத்துவர் வேறு நாட்டுக்குக் கிளம்பியபோது, “எங்க கிளப்புக்கு ஒரு பெரிய தொட்டி வாங்கியிருக்கோம், அதுக்கு ஒரு ஆள் வேணும், வர்றீங்களா?” என்று கேட்டார். அவள் சரியென்றாள்.

வீட்டில் தம்பி குதித்தான். தம்பி பஸ் ஓட்டுபவன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது.

“பல்லு கழுவின கையால துப்பாக்கி கழுவப் போறியா? ஏன்க்கா, ஊர்ல வேற பாத்திரமே இல்லையா?”

“துப்பாக்கி கடிக்காதுடா. பல்லுதான் கடிக்கும்” என்றாள் அவள்.

தம்பியின் மனைவி சிரித்துவிட்டாள். அதோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டின் மாடி அறையில் அவள் தனியாக இருந்தாள். கல்யாணம் ஒன்று ஒருகாலத்தில் கிட்டத்தட்ட நடக்கவிருந்து நடக்காமல் போனது. அதை யாரும் பேசுவதில்லை. அவளும் வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

ஆண்டுகள் இப்படியே போயின. பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் பொத்தானை அழுத்தியபோது, மழை சன்னமாகப் பெய்தது.

அவள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் இன்னும் சன்னம். தண்ணீரை மாற்றினாள், கரைசலைக் கூட்டினாள், கூடையை இடம் மாற்றித் தொங்கவிட்டாள். கரி என்னவோ வழக்கம்போல் வந்தது. ஆனால் அந்தத் தெருவில் தூறல்கூட இல்லை. கல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. அவளுக்கு அங்கே நடக்கவே மனம் வரவில்லை.

“மெஷின் போகப்போகுது மாஸ்டர். சத்தமே இல்ல பாருங்க.”

மாஸ்டர் வந்து குனிந்து பார்த்தார். குழலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். “பளபளன்னு இருக்கேம்மா. எனக்கு எப்பவும்போலத்தான் கேக்குது.”

“உங்களுக்கு வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மந்தமாயிடுச்சு” என்றாள் அவள்.

தொட்டி விஷயத்தில் அவளோடு வாதாட முடியாது என்று மாஸ்டருக்குத் தெரியும். அந்த வாரமே மெஷின்காரரை வரவழைத்தார்.

மெஷின்காரர் ஒல்லியான, நிதானமான மனிதர். தோளில் கான்வாஸ் பை. கண்ணாடித் தொழிற்சாலை, நகைப்பட்டறை, ஆஸ்பத்திரி என்று ஊர் முழுக்க இந்த வகைத் தொட்டிகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மனைவி காலமாகி வெகுநாளாயிற்று. பிள்ளை குட்டி இல்லை. இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு அவர் பையிலிருந்து எடுத்தது சமையலறையில் உணவு சுற்றிவைக்கும் அலுமினிய ஃபாயில் சுருள்.

“இதை வச்சா டெஸ்ட் பண்ணுவீங்க?”

“இதைவிட நல்ல டெஸ்ட் கிடையாது மேடம். குமிழி இருந்தா ஓட்டை போடும். இல்லைன்னா போடாது.”

ஒரு துண்டு ஃபாயிலைக் கிழித்துக் கம்பியில் மாட்டித் தொட்டிக்குள் இறக்கினார். பொத்தானை அழுத்தினார். கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு அதை வெளியே எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஃபாயில் முழுக்கப் பொடிப்பொடியாகத் துளைகள். வெயில் அவற்றின் வழியே நுழைந்து எதிர்ச்சுவரில் புள்ளிப்புள்ளியாக விழுந்தது. அவர் கை லேசாக அசைய, அந்தப் புள்ளிகள் சுவர் முழுக்க ஊர்ந்தன. பட்டப்பகலில், எண்ணெய் நாற்றமடிக்கும் அறையில், இப்படி ஒரு வானம் இறங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அவரும் கையை இறக்காமல், அவள் பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழுந்திருக்கு. உங்க மெஷினுக்கு ஒரு குறையும் இல்ல” என்றார்.

“அப்போ சத்தம் ஏன் குறைஞ்சுபோச்சு?”

அவர் தொட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “சத்தம் நல்லாவே வருதே. எனக்குப் பல்லு கூசுது.”

தொட்டி ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீரின் மேற்பரப்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எங்கோ சுவருக்கு அப்பால் யாரோ காகிதத்தைத் தடவுவதுபோல ஏதோ இருந்தது, அவ்வளவுதான்.

“மூடி போட்டுத்தானே ஓட்டுறீங்க?” என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

“மூடி போட்டா கரி போறது தெரியாதே.”

அவர் சிரிக்கவில்லை. மேற்கொண்டு ஒன்றும் சொல்லவும் இல்லை. ஃபாயிலை நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். குறை காதில்தான் என்று சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். சொல்லாமல் போனதால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. வீட்டில் கெட்டில் விசிலடித்து அடித்து ஓய்ந்து போகும். “அண்ணி, பக்கத்துல நின்னுட்டே அணைக்காம இருக்கீங்களே” என்று தம்பி மனைவி ஓடிவருவாள். “ஏதோ யோசனை” என்பாள் அவள். தம்பி பேசுவது மட்டும் தெளிவாகக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெளிவாகக் கேட்டிருக்கும். அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ள அவளுக்கு வசதியாக இருந்தது.

மருந்துக்கடைக்காரரின் பிஸ்டல் வந்த நாள்வரைதான் அந்த ஏமாற்று ஓடியது.

மருந்துக்கடைக்காரர் அதிகம் பேசாத உறுப்பினர். அவர் அண்ணன் ஒருகாலத்தில் பெரிய போட்டிகளில் சுட்டவர். அந்தப் பிஸ்டல் அண்ணனுடையது. அண்ணன் இறந்த பிறகு இவர் சனிக்கிழமைதோறும் வந்து, குறி தப்பினாலும் பரவாயில்லை என்று அதில் சுட்டுவிட்டுப் போவார். பழைய துப்பாக்கி. அதன் இரும்பில் ஆழ்ந்த நீலப் பூச்சு, மழைக்கு முந்தைய வானம் மாதிரி. அந்தக் காலத்துப் பூச்சைத் தொட்டியில் ரொம்ப நேரம் விடக்கூடாது. சட்டென்று முக்கி எடுத்துவிட வேண்டும். இது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

டைமரை அவள் சரியாகத்தான் வைத்தாள். கரி சுருண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழை இல்லாவிட்டாலும் பழக்கத்தில் மனம் எங்கோ கிளம்பிவிட்டது. மணி அடித்தது. அவள் காதில் அது விழவில்லை. மாஸ்டர் அன்று வெளியே போயிருந்தார். டைமர் மணியை மட்டும்தான் அடிக்கும். தொட்டியை நிறுத்த ஆள்தான் பொத்தானை அழுத்தவேண்டும். அவளுக்கு விழிப்பு வந்தபோது ஜன்னல் வெயில் மேசையைத் தாண்டித் தரைக்குப் போயிருந்தது.

கூடையைத் தூக்கினாள். நீலத்துக்கு நடுவே கட்டைவிரல் நீளத்துக்கு வெளிறிப் போயிருந்தது.

ஆனாலும் அலசினாள், உலர்த்தினாள், எண்ணெய் போட்டாள். துரு பிடிக்கவிட்டால் அது இன்னொரு பாவம். மாஸ்டர் திரும்பிவந்ததும் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

“நான்தான். மணி அடிச்சது எனக்குக் கேக்கல. கொஞ்ச நாளாவே எனக்குக் கேக்கறதில்ல மாஸ்டர். மெஷின் நல்லாத்தான் இருக்கு.”

மாஸ்டர் பிஸ்டலை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கத்தினார். கத்தியது அவளுக்கு நன்றாகவே கேட்டது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காரும்மா” என்றார். “எனக்கும் இடது காது போய் ரொம்ப நாளாச்சு. நீ சொன்னியே மந்தம்னு, அது நிஜம்தான். நான் யாருகிட்ட சொன்னேன்?”

மருந்துக்கடைக்காரரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் பிஸ்டலை வாங்கி வெளிறிய இடத்தின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “அண்ணன் ரொம்பப் பத்திரமா வச்சிருந்தாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு, அதை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். சில சனிக்கிழமைகள் அவர் கிளப் பக்கமே வரவில்லை. கடைசியில் மாஸ்டர் அவர் கடைக்கே போய், பேச்சுக் கொடுத்து, மறுபடி பூச்சு ஏற்றச் சம்மதம் வாங்கிவந்தார்.

பூச்சு ஏற்றிய காலையில் அவளும் பக்கத்தில் நின்றாள். சூட்டில் உருகிய உப்புக்குள் வெற்று இரும்பை மாஸ்டர் இறக்கினார். முதலில் வைக்கோல் நிறம் வந்தது. அப்புறம் செம்பு. பிறகு எங்கிருந்தோ ஊதா கிளம்பி மெல்ல மெல்ல ஏறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக ஆழ்ந்தது. அதற்குச் சத்தம் எதுவும் தேவைப்படவில்லை. விடியலைப் பின்பக்கமாக ஓட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. மருந்துக்கடைக்காரர் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். “பழைய நீலம் இல்ல. ஆனா நல்லாருக்கு” என்றார். முழு மன்னிப்பு இல்லைதான். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

இதற்கிடையில் மெஷின்காரரிடமிருந்து போன் வர ஆரம்பித்தது.

“மெஷின் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“தண்ணி சூடாகுதா?”

“ஆகுது.”

“சரி.” கொஞ்சம் இடைவெளி. “நீங்க எப்படி இருக்கீங்க?”

அடுத்த வாரமும் அதே போன், அதே கேள்விகள். இடைவெளி மட்டும் நீண்டது. தம்பி மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டுக் கீழே போய் மனைவியிடம் சொன்னான்: “ஒரு மெஷினுக்கு இவ்வளவு அக்கறையா? என் பஸ்ஸை ஒரு மெக்கானிக்காவது இப்படி நலம் விசாரிச்சிருக்கானா?” அவன் மெதுவாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டான்.

மாஸ்டர் சொல்லி, மெஷின்காரர் மறுபடி வந்தார். டைமரைக் கழற்றி, மணிக்குப் பதிலாக ஒரு சிவப்பு விளக்கை வைத்தார். நேரம் முடிந்தால் தொட்டி தானாக நிற்கும்படியும் மாற்றினார். விளக்கு எரிந்தபோது அறையே சிவந்தது. “இது நீங்க எங்க போனாலும் கூப்பிட்டுடும்” என்றார். அவள் எங்கெங்கோ போவது இவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் மும்முரமாக ஒரு ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காதுப் பரிசோதனைக்கு மெஷின்காரர்தான் கூட வந்தார். தம்பிக்குப் பஸ் இருந்தது. தம்பி மனைவி வேண்டுமென்றே தனக்கும் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டாள். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவளை உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்கவேண்டும். தடித்த சத்தங்களுக்கெல்லாம் தூக்கினாள். பிறகு சத்தங்கள் மெலிந்து மெலிந்து மேலே ஏறின. ஒரு கட்டத்துக்கு மேல், பறவைகள் எல்லாம் போய்விட்ட வானத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி. அவள் கை தொடையிலேயே கிடந்தது.

டாக்டர் பரிசோதனையின் வரைபடத்தைக் காட்டினார். சன்னமான சத்தங்கள் போய்விட்டன, திரும்பிவராது. சுடுகூடத்துச் சுவர் தாண்டி வந்த வெடிச்சத்தத்தால் இருக்கலாம், திறந்த தொட்டியால் இருக்கலாம், பிறவியிலேயே வந்த உடல்வாகாலும் இருக்கலாம். இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. காதில் மாட்டும் மெஷின் உதவும். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

வெளியே வந்து நடைபாதையில் இருவரும் நடந்தார்கள். அவள் அழவில்லை.

“நான் ஒரு ஊருக்குப் போவேன்” என்றாள் திடீரென்று. “அந்தச் சத்தத்துல. மழை பெய்யும். தெருக்கோடியில ஒரு படிக்கட்டு. ஒருநாளும் ஏறிப் பாத்ததில்ல. இனிமே போகமுடியாது.”

பைத்தியம் என்று நினைப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார்.

“எனக்கு அந்த மாதிரி ஊரே கிடையாது. சத்தம் கேட்டா எந்தத் தகடு பழுதுன்னுதான் மனசு போகும்” என்றார். “நீங்க சொல்லுங்க. வீடெல்லாம் எப்படி இருக்கும்?”

அவள் சொன்னாள். பஸ் நிறுத்தம் வந்தது, பஸ்ஸும் வந்து போனது, அவர்கள் ஏறவில்லை. கல்லின் நிறம், ஜன்னல் சட்டம், தெருவிளக்கு என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், மெஷினைப் பிரித்துப் பார்ப்பவர்போல. இதுவரை அவள் கவனித்திராதவற்றையும் அவர் கேட்கக் கேட்க அவள் கண்டுபிடித்தாள்.

காதுக் கருவி வந்த முதல் வாரம் வீடே அமளிப்பட்டது. புடவைக் கொசுவம் உரசுவது கேட்டது. தட்டில் ஸ்பூன் விழுந்தால் துள்ளி எழுந்தாள். கீழே தம்பி குறட்டை விடுவது சுவர் வழியாக வந்தது. “இத்தனை நாளா இதுக்குப் பக்கத்துலயா படுத்திருக்கே?” என்று தம்பி மனைவியைக் கட்டிக்கொண்டாள். கிளப்பில் அவள் இப்போது மூடி போட்டுத்தான் தொட்டியை ஓட்டினாள். பக்கவாட்டில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்த மூடி, மெஷின்காரர் செய்து தந்தது. தொட்டி ஓடும்போது காதுக் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, கண்ணாடி வழியாகக் கரியைப் பார்ப்பாள். முழு அமைதியில் அந்தக் கறுப்பு மேகம் இன்னும் அழகாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெஷின்காரர் வந்து நின்றார். பழுது ஒன்றும் இல்லை. கையில் பையும் இல்லை. அவர் உதடு அசைந்தது. அவள் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, “என்ன சொன்னீங்க?” என்றாள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களான்னு கேட்டேன்.”

அது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. முன்பு உதடு அசைந்தபோதே பாதி புரிந்தும் இருந்தது. இருந்தாலும் தலையைச் சாய்த்து, “சரியா விழல. இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.

அவர் சொன்னார். இந்த முறை சத்தமாக. சுடுகூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் ஸ்பிரிங்கைக் கீழே போட்டுவிட்டார். அது உருண்டு எங்கோ போய், அரை மணி நேரம் மூன்று பேரும் தரையில் முட்டி போட்டுத் தேடினார்கள். அவள் சரியென்று சொன்னது மேசைக்கு அடியிலிருந்துதான்.

இப்போது அவர்கள் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டில் இருக்கிறார்கள். தம்பி ஞாயிறுகளில் வந்து இருவரையும் ஊர்க்கதை பேசியே களைப்படைய வைக்கிறான். சாயங்காலங்களில் ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும். மெஷின்காரர் உடனே எழுந்து எந்தச் சட்டம் தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அவள் ஜன்னலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஓடுகிற ரயிலின் வெளிச்சமுள்ள பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நிற்பாள். உள்ளே யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், எங்கோ போய்க்கொண்டிருப்பார்கள், அவளும் கூடவே.